காப்பி மழைக்கே என் ஓட்டு

நடுவர் அவர்களே, வணக்கம். லத்தீன் அமெரிக்க மக்கள் பாடல்களில் விஞ்சி நிற்பது பக்தியா, இயற்கையா என்று கேட்டிருக்கிறீர்கள். இயற்கைதான்.

எதிரணிச் சகோதரி 'ஓஹலா' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டார். டொமினிக்கன் குடியரசின் பாடகர் ஹுவான் லூயிஸ் குவேரா 1989இல் வெளியிட்ட 'ஓஹலா கே யுவேவா கஃபே' பாட்டின் முதல் சொல் அது. அரபியிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்தது, 'இறைவன் நாடினால்' என்பது அதன் வேர், ஆகவே பாட்டே பிரார்த்தனை என்றார். சரி, அந்தச் சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் சகோதரி. பஸ் சீக்கிரம் வரணுமே என்பதற்கும் அங்கே 'ஓஹலா'தான்! மிச்சப் பாட்டைப் பாருங்கள். வயலில் காப்பி மழையாய்ப் பெய்யணும், மரவள்ளிக்கிழங்கு கொட்டணும், வானத்திலிருந்து வெள்ளைப் பாலாடைக்கட்டி தூறணும், தெற்கே தேன் மலை நிற்கணும். எதற்கு? 'கொனுகோ' என்கிற துண்டு நிலத்தில் இவ்வளவு கஷ்டம் வேண்டாமே என்பதற்கு. மோட்சம் யார் கேட்டார்கள்? அந்தத் தூறலுக்கு அவர் போட்ட சொல்லைக் கவனியுங்கள்: 'ஹரீனா'. அகராதி பார்த்து எடுத்ததல்ல, டொமினிக்கன் கிராமத்து வாயில் புழங்குவது.

அதே குவேரா 2004இல் 'பாரா தி' என்று கிறிஸ்தவ இசைத்தொகுப்பே போட்டார். தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதில் எல்லாரையும் ஆடவைத்த பாட்டு எது? 'லாஸ் அவிஸ்பாஸ்'. அதாவது குளவிகள்! எதிரி உன்னைச் சோதித்தால் நீ சிரி, வருத்தப்படாதே, என் குளவிகளை அனுப்பிக் கொட்டவைக்கிறேன் என்கிறாராம் இயேசு. குளவி பைபிளில் யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது என்று அங்கே முணுமுணுக்கிறார்கள். இருக்கட்டுமே! வேதத்துக்கே குளவி தேவைப்பட்டது என்றால் அது எங்கள் கட்சிக்குத்தானே சாட்சி? தேவதூதனை அனுப்பியிருந்தால் கேட்கிறவன் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பான். குளவி என்றதும்தான் பிடரியைத் தடவிப் பார்க்கிறான்.

கியூபாவுக்கு வாருங்கள். 'கே விவா சாங்கோ', அதாவது 'சாங்கோ வாழ்க' என்று அந்நாட்டுப் பாடகி செலீனா கொன்சாலஸ் பாடியது கத்தோலிக்கரின் புனித பார்பராவையும் ஆப்பிரிக்க வழிவந்த, இடிக்கு அதிபதியான தெய்வம் சாங்கோவையும் ஒன்றாக வைத்துத்தான். ஸ்பானியத்தில் ஒரு பழமொழி உண்டு: இடி இடித்தால்தான் பார்பரா ஞாபகம் வரும். இடி முதலில், சாமி அப்புறம்.

மணி அடித்துவிட்டீர்கள். உட்காருகிறேன்.