பற்று நோட்டு சாட்சி

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, நான் எழுந்து வந்ததிலிருந்து முறைத்துக்கொண்டே இருக்கும் எதிரணி அண்ணன்மார்களே, பொங்கல் விழாவுக்கு வந்து பனி கொட்டுவதையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் எங்கள் தெரு ஜனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்கே தெரியும். ஒரே முதலாளி கையில் முப்பது வருடமாக ஒரு தெருமுனை ஹோட்டல் தாக்குப்பிடித்து நிற்கிறதே, அது அவர் மாறாததாலா, மாறியதாலா? மாறியதால்தான் என்று பேச வந்திருக்கிறேன். பெயர் சொல்லாவிட்டாலும் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரும் அதோ மூன்றாவது வரிசையில், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல, மேடையைப் பார்க்காமல் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் கண்ணெல்லாம் கலங்கிப்போய் என்ன சொன்னார்? "1994-ல் என் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சாப்பிட்ட அதே இட்லி, அதே சாம்பார், இன்றைக்கும் ஒரு இம்மி மாறவில்லை" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் தட்டும்போதே என் பையில் இருக்கும் ஒரு பழைய நோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதை அப்புறம் பிரிக்கிறேன். முதலில் அந்த "அதே இட்லி"யைக் கொஞ்சம் பிட்டுப் பார்க்கலாம்.

அதே இட்லி வேண்டுமென்றால் அதே மாதிரி மாவு ஆட்டினால் போதும் என்று எதிரணி நினைக்கிறது. அண்ணே, நீங்கள் வீட்டில் மாவு ஆட்டியிருக்கிறீர்களா? மதுரை வெயிலில் சித்திரை மாதம் ராத்திரி பத்து மணிக்கு ஆட்டி வைத்தாலும் விடிவதற்குள் மாவு பொங்கி அண்டாவுக்கு வெளியே வந்து நிற்கும். மார்கழியில் அதே பத்து மணிக்கு ஆட்டினால் காலையில் இட்லி தட்டை விட்டுப் பெயராது, பெயர்ந்தாலும் கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரி இருக்கும். அதனால் நம்ம ஹோட்டல்காரர் குளிர்காலத்தில் சாயங்காலமே ஆட்டிவிடுவார், அண்டாவை அடுப்பங்கரைச் சூட்டுக்குப் பக்கத்தில் நகர்த்துவார், மேலே சாக்குப் போட்டு மூடுவார். புது உளுந்து வந்தால் அது அதிகம் காணும், அளவைக் குறைப்பார். பழைய உளுந்து என்றால் கூட்டுவார். நீங்கள் மாறவில்லை என்று சொல்லும் அந்த ஒரு இட்லிக்காக அந்த மனிதர் வருடம் முழுக்க நேரத்தை மாற்றி, அளவை மாற்றி, அண்டா இருக்கும் இடத்தை மாற்றி அலைந்துகொண்டிருக்கிறார், நீங்கள் ரெண்டு நிமிடத்தில் தின்றுவிட்டு "மாறவே இல்லை" என்கிறீர்கள்.

தண்ணீரும் அப்படித்தான். கடை ஆரம்பித்த புதிதில் போர் தண்ணீரே நன்றாக இருந்தது. வருடம் போகப் போக உப்பு ஏறியது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகுமா? மணிக்கணக்கில் அடுப்பில் கிடந்தாலும் மணல் மாதிரி தனித்தனியாக நிற்கும். பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணீர் விலைக்கு வாங்க ஆரம்பித்தார். அன்றைக்கு "என் தாத்தா காலத்திலிருந்து போர் தண்ணீர்தான்" என்று அடம் பிடித்திருந்தால், எதிரணி அண்ணன் இன்றைக்குக் கலங்குவதற்கு சாம்பாரே இருந்திருக்காது.

பெரிய கடைகளைக் காட்டியும் பேசினார்கள். திருவல்லிக்கேணி ரத்னா கஃபே, 1948-லிருந்து அதே சாம்பார் இட்லி, அதுதான் பாரம்பரியம் என்றார்கள். சரி. ஆனால் அந்தக் கடையை ஆரம்பித்த குடும்பம் எங்கிருந்து வந்தது தெரியுமா? உத்தரப் பிரதேசத்திலிருந்து! வடக்கே பிறந்த ஒருவர் சென்னைக்கு வந்து, சென்னைக்காரன் நாக்குக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டதில் பிறந்ததுதான் நீங்கள் பாரம்பரியம் என்று கும்பிடும் அந்த சாம்பார். அடுத்து பெங்களூரு எம்.டி.ஆர். 1924-ல் ஆரம்பித்த கடை. இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்கவில்லை. அரிசி வந்ததும் கூப்பிடுகிறோம் என்று கடையைப் பூட்டிவிட்டா போனார்கள்? ரவையில் இட்லி ஊற்றிப் பார்த்தார்கள். அப்படி வந்ததுதான் ரவா இட்லி என்பது அந்தக் கடைக்காரர்களே சொல்லும் கதை. எமர்ஜென்சி சமயத்தில் இன்ன விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டிப்போட்டது, கட்டுப்படியாகவில்லை, ஹோட்டலை மூட வேண்டியதாயிற்று. அப்போது கைகொடுத்தது பாக்கெட்டில் அடைத்து விற்ற மாவு மிக்ஸ். இந்த மாவு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம் தெருவுக்கும் வரும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் 1994, 1994 என்று எதிரணி உருகுகிறதே, அந்த 1994-ல் எனக்கு எட்டு வயது. தினமும் அந்தக் கடைக்குப் போவேன், தூக்குவாளியோடு. ஆனால் உள்ளே போனதில்லை. வாசலில் ஓரமாக நிற்க வேண்டும், சப்ளையர் வந்து வாளியை வாங்கிக்கொண்டு போய்ச் சாம்பார் ஊற்றிக் கொண்டுவந்து தருவார். உள்ளே நாலு பெஞ்சு, பெஞ்சு நிறைய ஆம்பளைகள், கல்லாவுக்குப் பக்கத்தில் பீடி சிகரெட், பற்ற வைக்க ஒரு கயிறு கங்கோடு தொங்கும். அங்கே ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. என் அம்மா அந்தக் கடை தோசையை ஒரு தடவைகூட சூடாகச் சாப்பிட்டதில்லை, எல்லாம் பார்சலில் வியர்த்துப்போன தோசைதான்.

அப்புறம் ஒரு நாள் அந்தக் கயிறு காணாமல் போயிற்று. பொது இடத்தில் புகைக்க நாடு முழுக்கத் தடை வந்தது 2008-ல், நம்ம ஹோட்டல் அண்ணன் அதற்கு நாலைந்து வருடம் முன்பே எடுத்துவிட்டார். யாரும் கேட்டு எடுக்கவில்லை. பக்கத்தில் ஆஸ்பத்திரி வந்தது, நைட் டூட்டி முடித்து வரும் நர்சுகள் ரெண்டு பேர் காலை ஆறு மணிக்கு வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதைக் கல்லாவிலிருந்து கவனித்திருக்கிறார். சிகரெட்டை நிறுத்தினார், கல்லாவை உள்பக்கம் தள்ளிப் போட்டார், பின்னால் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் ஒரு கழிவறை கட்டினார். பழைய வாடிக்கையாளர்கள் கொஞ்சப் பேர் கோபித்துக்கொண்டு எதிர்த்த டீக்கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும் என்று விட்டார். எதிரணி அண்ணன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன அந்தக் கடை நல்ல கடைதான், அண்ணே. ஆனால் அதில் எனக்கு இடம் இல்லை. அவர் மாறாமல் இருந்திருந்தால் அந்தக் கடையைப் பற்றி மேடையேறிப் பேச எனக்கு வாய் ஏது?

"மாறி மாறித்தான் பக்கத்துத் தெருக் கடை மூடிப்போச்சு" என்று ஒரு அம்பு விட்டார்கள். ஏசி போட்டான், மெனு கார்டில் நூறு அயிட்டம் அடித்தான், ஆறு மாதத்தில் பூட்டு. உண்மைதான். அதை நான் மாற்றம் என்று சொல்ல மாட்டேன், ஊரான் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டது. நம்ம அண்ணனும் அப்படி ஒரு சட்டை போட்டுப் பார்த்தவர்தான். கோபி மஞ்சூரியன் ஞாபகம் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், அண்ணன் பார்க்கிறார். ரோஸ் கலரில், காலிஃபிளவரா மைதாவா என்று கண்டுபிடிக்க முடியாமல் ஒன்று வரும். நாலு மாதம் போட்டார், தட்டில் மிச்சம் வைத்து எழுந்து போகிறவர்களை எண்ணினார், ஒரு நாள் போர்டில் அந்த வரியைத் தண்ணீர் தொட்டு அழித்துவிட்டார். போட்டதும் மாற்றம்தான், அழித்ததும் மாற்றம்தான். வீம்புக்கு வைத்திருந்தால்தான் பூட்டு.

2013-ல் அம்மா உணவகம் வந்ததே, இட்லி ஒரு ரூபாய். இவர் கடையில் அப்போது ஐந்து ரூபாய். ஐந்தை மூன்றாக்கிப் போட்டி போட்டிருந்தால் மாவுக்காசுகூடத் தேறாது. இட்லியை அப்படியே விட்டுவிட்டு அங்கே கிடைக்காததைப் பிடித்தார்: சாயங்காலம் பணியாரம், கல்தோசை, நெய் ரோஸ்ட். மாலை வியாபாரம் அப்படி வந்ததுதான். அதற்கப்புறம் ஜிஎஸ்டி வந்தது 2017-ல். சின்னக் கடைகள் மொத்த வியாபாரத்தில் ஒரு பங்கை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதால் அந்த 5 சதவீதத்தை நம்மிடம் வாங்க முடியாது, அவர் கையிலிருந்துதான் போகிறது. அந்தக் கணக்குப் புலம்பலை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு காபி ஆறும் வரை சொல்வார்.

"கைப்பக்குவம், கைப்பக்குவம்" என்றார்களே, அந்தக் கை யாருடைய கை? இப்போது தோசைக்கல்லில் நிற்பவர் ஒடிசாக்காரத் தம்பி. முதல் மாதம் அவர் ஊற்றிய தோசை இந்தியா மேப் மாதிரி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நம் ஊர் மாஸ்டர்கள் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போனால் அடுத்த திருவிழாவுக்குத்தான் வருகிறார்கள். அண்ணன் என்ன செய்தார்? அந்தத் தம்பியைப் பக்கத்தில் நிறுத்தி, கல்லில் தண்ணீர் தெளித்து, "பார்க்காதே, கேளு" என்றார். நான் அன்றைக்குப் பார்சலுக்கு நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் பட்டதும் சொய்ங் என்று ஒரு சத்தம் வந்தால் கல் ரொம்பச் சூடு, வெங்காயத்தைத் தேய்த்து ஆற்று. துளித்துளியாக உருண்டு ஓடினால் இன்னும் மோசம். சுர்ர் என்று அடங்கினால் ஊற்று. மொழி தெரியாத பையனுக்குக் காது வழியாகத் தோசை சொல்லிக்கொடுத்தார். தன் கையே கடைசி வரை வேண்டும் என்று நினைக்கிற முதலாளிக்கு இது தோன்றாது.

2020 மார்ச். ஊரடங்கு. பார்சல் மட்டும் என்றார்கள், ஆனால் பார்சல் வாங்க யார் வெளியே வந்தார்கள்? மூன்றாம் நாள் சாயங்காலம் கடை வாசலில் ஒரு அட்டை தொங்கியது: "இட்லி மாவு கிடைக்கும். பாத்திரம் கொண்டு வரவும்." பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியிலேயே தடை போட்டாயிற்று, அதனால் பாத்திரம். கட்டம் போட்ட தரையில் கட்டத்துக்கு ஒரு ஆளாக, முகக்கவசத்தோடு, கையில் தூக்குவாளியோடு தெருவே நின்றது. நானும் நின்றேன், எட்டு வயதில் நின்ற அதே வாசலில். மாவு எடுத்து ஊற்றியது முதலாளியே. அந்த மாவுதான் அன்றைக்கு ஏழு பேருக்குச் சம்பளம் போட்டது. ஹோட்டல்காரன் மாவு விற்றால் நாளைக்கு எவன் இட்லி தின்ன வருவான் என்று அவருக்குப் புத்தி சொன்ன ஆட்களில் ரெண்டு பேர் இன்று எதிரணியில் உட்கார்ந்திருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன்.

போனதும் உண்டு, நடுவர் ஐயா. மந்தாரை இலையில் மடித்த பொங்கலுக்கு ஒரு வாசம் இருந்தது, அது போயே போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தியது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, அந்த வத்தக்குழம்புக்காக ஒரு நாள் அவரிடம் சண்டையே போட்டேன். "பத்து பேர் சாப்பாட்டுக்கு நாலு பேர் வர்றாங்கம்மா, மிச்சத்தை நான் தினமும் எங்க கொட்டுறது" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

நடுவர் மணியைப் பார்க்கிறார், நோட்டைப் பிரித்துவிடுகிறேன். எங்கள் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அந்த ஹோட்டலுக்கு மளிகை போட்டது அவர்தான். இது அவருடைய பற்று நோட்டு, அப்பா கையெழுத்து. 2015 ஆரம்பத்தில் பாருங்கள்: துவரம் பருப்பு, தினம் ஆறு கிலோ. அந்த வருடம் ஐப்பசி வாக்கில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தாண்டியது, வீடுகளில் ரசமே வைத்துச் சாப்பிட்டோமே, மறந்துவிட்டதா? அந்தப் பக்கத்தில் இருக்கிறது: துவரம் பருப்பு நாலு கிலோ. பாசிப் பருப்பு ஒரு கிலோ. ஓரத்தில் அப்பா பென்சிலில் கிறுக்கியிருக்கிறார்: "மஞ்சள் பூசணி போடுகிறாராம்." வெந்து கரைந்த பூசணி சாம்பாருக்குக் கெட்டியும் கொடுத்தது, லேசாக ஒரு இனிப்பும் கொடுத்தது. பருப்பு விலை இறங்கியது. கணக்கு மறுபடி ஆறு கிலோவுக்கு வந்ததா என்று கடைசிப் பக்கம் வரை தேடினேன். வரவில்லை. ஏன் என்று அண்ணனிடமே கேட்டேன். "நடுவுல ஒரு வாரம் பூசணி இல்லாம வச்சேன், சாம்பார் முன்ன மாதிரி இல்லைன்னு எல்லாரும் சண்டைக்கு வந்துட்டாங்க" என்றார்.

எதிரணித் தலைவர் அடுத்து எழுந்து பதில் சொல்லப் போகிறார். மற்றதெல்லாம் கிடக்கட்டும், எனக்கு ஒன்றே ஒன்று சொல்லட்டும்: நாளைக் காலையிலிருந்து சாம்பாரில் அந்தப் பூசணியை எடுத்துவிடச் சொல்லலாமா? அண்ணன் இங்கேதான் இருக்கிறார், இப்போதே சொல்லிவிடலாம். நன்றி, வணக்கம்.