உப்புக்காற்றில் ஒரு தையல் மெஷின்

நேயர்களுக்கு வணக்கம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் தையல் மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். நம் கரையோர ஊர்களில் பல வீட்டு மூலைகளில் ஒரு கறுப்பு மெஷின் நிற்கும். மேலே மடித்த துணி, பக்கத்தில் பிள்ளைகளின் புத்தகப் பை. கேட்டால், "அது ஓடாதுங்க, பழசாகிப் போச்சு" என்பார்கள். நான் சொல்ல வந்தது இதுதான்: வயதானதால் அந்த மெஷின் நிற்கவில்லை. ஓட்டாமல் போட்டதால் நிற்கிறது, உப்புக்காற்றால் நிற்கிறது, ஊற்றக் கூடாத எண்ணெயை ஊற்றியதால் நிற்கிறது. மூன்றையும் சரி செய்யலாம்.

தங்கச்சிமடத்தில் ஒரு அம்மா. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன பிறகு, தலைமன்னார் கப்பல் ராமேசுவரத்துக்கு வந்துகொண்டிருந்தது அல்லவா? அந்தக் கப்பலில்தான் வந்திருக்கிறார்கள். சாமான்களோடு சாமானாக ஒரு சிங்கர் மெஷினின் தலையை, அதாவது தைக்கிற மேல்பாகத்தை மட்டும் சேலையில் சுற்றி எடுத்து வந்தார். ஸ்டாண்ட் இங்கே வாங்கியது. அதில் ஜாக்கெட், பாவாடை, கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு இடுப்பில் கட்டும் பை எல்லாம் தைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அப்புறம் கண் மங்கி, மெஷின் சும்மா நின்றுவிட்டது. நான் போனபோது சக்கரம் அசையவே இல்லை. "எடைக்குப் போடச் சொல்றாங்க தம்பி. நீ ஒரு தடவை பாரு" என்றார்.

தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் இருந்த தண்டுகளில் தேன் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. விரல் வைத்தால் ஒட்டியது. நல்லெண்ணெய்! கோயில் விளக்குக்கு ஊற்றுகிற அதே எண்ணெய். நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெயும் நாள்பட்டால் அழுக்கைச் சேர்த்துக்கொண்டு இறுகிவிடும். சமையல் எண்ணெய் எதுவுமே மெஷினுக்கு ஆகாது. கடையில் தையல் மெஷின் எண்ணெய் என்று கேட்டால் தண்ணீர் மாதிரி தெளிவாக ஒன்று தருவார்கள். அது போதும், அது மட்டும்தான்.

அந்தத் தலையைக் கழற்றி மதிய வெயிலில் வைத்தேன். கறுப்பு இரும்பு சீக்கிரம் சூடேறும், பிசின் இளகும். எண்ணெய் விடுகிற ஓட்டைகள் அத்தனையிலும் மண்ணெண்ணெய் விட்டு, ராத்திரி ஊற விட்டேன். மறுநாள் சக்கரத்தைப் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல ஆட்டினேன். மெல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். தலை வார்ப்பிரும்பு, அது வளையாது, உடையும். சுத்தியலை எடுக்கவே கூடாது. கடைசியில் சக்கரம் ஒரு நெல்லளவு நகர்ந்தது. திரும்ப மண்ணெண்ணெய், திரும்ப வெயில். சாயங்காலம் முழுச் சுற்று வந்தது. அந்த அம்மா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், பேசவே இல்லை.

அப்புறம் சட்டிலைக் கழற்றினேன். பெரும்பாலான உஷா, மெரிட் கறுப்பு மெஷின்களிலும் அந்தப் பழைய சிங்கரிலும், அடிநூல் சுற்றிய பாபினை வைக்கிற கேஸுக்குப் பின்னால் பிறை வடிவில் ஒன்று இருக்கும், அதுதான் சட்டில். மேல் வளையத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கொக்கிகளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். உள்ளே நீல நூலும் வெள்ளை நூலும் பஞ்சும் இறுகி, கம்பளித் துணி மாதிரி ஒரு அடை. பல வீடுகளில் "மெஷின் கனமாக ஓடுகிறது" என்பதற்குக் காரணம் இந்த அடைதான். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். துடைத்து, சட்டில் ஓடும் தடத்தில் ஒரு சொட்டு எண்ணெய். ஒரு சொட்டுத்தான், நிறைய விட்டால் துணியில் கறை.

அந்தத் தலை ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊர் ஆலையில் செய்தது. ஆலையை 1980-லேயே மூடிவிட்டார்கள், தலை இன்னும் தைக்கிறது. இயந்திரங்களை எதிர்த்தவர் என்று நாம் நினைக்கிற காந்தியடிகள்கூட, 1924-ல் ராமச்சந்திரன் என்ற மாணவரிடம் பேசும்போது, சிங்கர் தையல் மெஷினைப் பயனுள்ள கண்டுபிடிப்பு என்று விதிவிலக்காகச் சொன்னார். அந்த மாணவர்தான் பின்னாளில் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர்.

சரி, நம் ஊர்க் காற்றுக்கு வருவோம். ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தாலும் மார்கழி வாடை அடித்தாலும் உப்பு வந்து படியும். உப்பு, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை பெய்ய வேண்டியதே இல்லை, துரு பிடித்துவிடும். அதனால் மெஷினை பிளாஸ்டிக் உறையில் மூடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கிவிடும். பழைய பருத்தி வேட்டி நல்லது. வாரம் ஒரு முறை மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் பளபளப்பான பாகங்களைத் துடையுங்கள். தங்கப்பூ வேலைப்பாடு உள்ள தலை என்றால் தின்னர், ஸ்பிரிட் பக்கமே போக வேண்டாம். பூ கரைந்து வந்துவிடும்.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. நம் கிணற்றுத் தண்ணீர் உவர். அதை வைத்துத்தான் தரை துடைக்கிறோம். அது ஸ்டாண்டின் காலில், மிதியின் அச்சில் பட்டு முதலில் அங்கேதான் துரு ஏறுகிறது. மேலே எண்ணெய் விடுகிறவர்கள் மிதிக்கு விடுவதில்லை. மிதியிலிருந்து பெரிய சக்கரத்துக்குப் போகிற கம்பியின் இரண்டு முனைக்கும் எண்ணெய் வேண்டும். கால் வலிக்கிறது என்பவர்களுக்குப் பாதி வலி அதில் போய்விடும்.

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாக விழுந்தால் எல்லோரும் பாபினைத் திருகுவார்கள். வேண்டாம். கோளாறு பெரும்பாலும் மேல் நூலில். துணியை அழுத்துகிற மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலைக் கோத்துவிடுங்கள். அப்போதுதான் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் விரிந்து நூல் நடுவில் போய் உட்காரும். தைக்கும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தால் ஊசி மழுங்கிவிட்டது. புதுசு போடுங்கள், சில ரூபாய்தான். சாதாரணப் பருத்திக்கு 14-ம் எண் ஊசி, தடித்த துணிக்கு 16 அல்லது 18.

நேரம் முடியப் போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பெல்ட்டைப் பற்றியும் மோட்டார் வைப்பதைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: ஈரக் காலத்தில் தோல் பெல்ட் தளரும். கொஞ்சம் வெட்டி மறுபடி கோத்துக்கொள்ளுங்கள், ரொம்ப இறுக்காதீர்கள். மோட்டார் வைக்கலாம், ஆனால் முதலில் மெஷின் கையால் சுற்றினாலே லேசாக ஓட வேண்டும். இறுகிய தலையில் மோட்டார் மாட்டினால் மோட்டார் எரியும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.