காட்பாடி வாசலில் 148, நாலு நிமிடம் நடந்தால் 109!

வணக்கம் மக்களே! இன்றைக்குச் சாப்பாட்டு வீடியோ இல்லை. நேற்று ராத்திரி காட்பாடி ஸ்டேஷனில் நடந்ததை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

ரயிலை விட்டு இறங்கி வாசலுக்கு வந்து, வேலூர் தோட்டப்பாளையத்தில் இருக்கும் வீட்டுக்கு ஆப்பில் ஆட்டோ புக் பண்ணினால் 148 ரூபாய் காட்டியது. பேரம் பேசுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, பழைய ஆட்களுக்குத் தெரியும், அதனால் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கமாக நாலே நாலு நிமிடம். திரும்பப் பார்த்தால் 109! அதே ஆப், அதே வீடு, 39 ரூபாய் மிச்சம். ஸ்கிரீன்ஷாட் இதோ, நன்றாகப் பாருங்கள், மேலே மணியும் தெரிகிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். 148க்கே முதலில் சரி என்று தட்டினேன், வண்டிக்காரர் போன் போட்டு "மேல ஒரு நூறு குடுங்க" என்றார், மாட்டேன் என்றதும் கேன்சல். நடந்ததே அந்தக் கோபத்தில்தான்.

சரி, வாசலில் மட்டும் ஏன் இந்த விலை? ரயில் வந்ததும் அத்தனை பேரும் ஒரே இடத்தில் நின்று போனைத் தட்டுகிறார்கள். அதில் பாதிப் பேர் கையில் ஃபைலோடு வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், வங்காளம், ஜார்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ. தமிழ் தெரியாதவர்களுக்கு இடமும் விலையும் முன்கூட்டியே திரையில் தெரிவது எவ்வளவு பெரிய நிம்மதி! ஸ்டேஷன் பாலாற்றுக்கு அந்தக் கரை, ஆஸ்பத்திரி இந்தக் கரை. பெட்டியும் நோயாளியுமாக யார் பாலத்தில் நடப்பார்கள்?

அதே ஆட்களை மறுநாள் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும் பாபு ராவ் தெருவில் பாருங்கள், ஒருவரும் வண்டி கூப்பிட மாட்டார்கள். லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை, ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கிற தூரம். 1997இல் செர்வெரோ, காக்கல்மேன் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதியது இதைத்தான்: ஓர் இடத்தில் எவ்வளவு நெருக்கம், வீடும் கடையும் எப்படிக் கலந்திருக்கின்றன, தெரு எப்படி அமைந்திருக்கிறது, இவைதான் மக்கள் எதில் போவார்கள் என்பதை மாற்றுகின்றன. அவர்கள் எழுதியது ஆப் எல்லாம் வருவதற்கு முன்னால், ஆனால் படித்தபோது எனக்கு நம்ம பாபு ராவ் தெருதான் கண்ணில் நின்றது.

அப்புறம் ஸ்ரீபுரம், பொற்கோயில் இருக்கிற இடம். பகலில் பிரச்சினை இல்லை. ராத்திரி கோயில் சாத்தின பிறகு அந்தப் பக்கம் போக வண்டிக்காரர்கள் தயங்குகிறார்கள், திரும்பி வரச் சவாரி கிடைக்காதே. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, காலியாக வந்தால் பெட்ரோல் காசு யார் கொடுப்பது? மேலே நூறு கேட்பதைத்தான் என்னால் ஏற்கமுடியாது.

அடுத்து விடியற்காலை ரயில் வரும் நேரத்தில் வாசலிலும் பஸ் ஸ்டாண்டு பக்கமும் பார்க்கப் போகிறேன். சத்துவாச்சாரி, வள்ளலார் பக்கம் இருப்பவர்கள், காலை 8 மணிக்கு உங்களுக்கு எவ்வளவு காட்டுகிறது என்று கமெண்டில் போடுங்கள்.