ரோபோ செய்யும் பிள்ளை என்ன ஆவாள்?

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு ரோபோ செய்யக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொன்னதும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "இதைப் படிச்சா என்ன வேலைக்குப் போகலாம்?" நியாயமான கேள்வி. ஆனால் ரோபோ செய்கிற பிள்ளை வளர்ந்தால் ரோபோதான் செய்யும் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. அப்படி ஆகிறவர்களும் உண்டு. மற்றவர்கள் எங்கெங்கே போய்ச் சேர முடியும் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

ரோபோ வகுப்பின் வழக்கமான முதல் பாடத்திலிருந்தே தொடங்குகிறேன். வெள்ளைத் தாளில் கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் ஒரு சின்ன வண்டியை ஓடவிட வேண்டும். வண்டிக்கு அடியில், கோட்டுக்கு இருபுறமும் இருக்கும்படி இரண்டு அகச்சிவப்பு சென்சார்கள். சென்சார் அனுப்பும் ஒளியை வெள்ளைத் தாள் திருப்பி அனுப்பும், கறுப்பு டேப் விழுங்கிவிடும். இடது சென்சார் கறுப்பைப் பார்த்தால் இடப்பக்கம் திரும்பு, வலது சென்சார் பார்த்தால் வலப்பக்கம் திரும்பு. புரோகிராம் அவ்வளவுதான்.

வண்டி ஓடும். ஆனால் தலையை ஆட்டி ஆட்டி ஓடும். வேகத்தைக் கூட்டினால் வளைவில் கோட்டைத் தாண்டிப் போய்விடும். காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி மதியம் தடுமாறும். காரணம், ஜன்னல் வழியே வந்த வெயில். வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் இருப்பதால் சென்சார் ஏமாந்துபோகிறது. பேட்டரியை மாற்றினால் வேறு தொல்லை: மோட்டார் முன்பைவிட வேகமாகச் சுற்றும், அதே புரோகிராம் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

எனக்கு இந்தத் தடுமாற்றம்தான் வகுப்பின் உயிர். ஒரு பிள்ளை சென்சாரைச் சுற்றிக் கறுப்புக் காகிதத்தை ஒட்டி வெயிலை மறைப்பாள். இன்னொருவன் எண்களை மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பார்ப்பான். மூன்றாவது பிள்ளை கேட்பாள்: "விலகிட்டோம்னு மட்டும் சொல்லாம, எவ்வளவு விலகிட்டோம்னு வண்டிக்குச் சொல்ல முடியுமா?" கொஞ்சம் விலகினால் கொஞ்சம் திரும்பு, நிறைய விலகினால் நிறைய திரும்பு. அந்தக் கேள்வியைக் கேட்ட நொடியில் அவள் கட்டுப்பாட்டுப் பொறியியலுக்குள் காலெடுத்து வைத்துவிட்டாள்.

நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர் 1922இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் இதைப் பற்றியதுதான். கப்பலில் சுக்கான் பிடிக்கும் மாலுமி எப்படித் திசையைத் திருத்துகிறார் என்று அவர் கவனித்தார். இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் அனுபவசாலி பார்ப்பதில்லை. விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது, இதுவரை எவ்வளவு சேர்ந்துபோயிருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். அந்த மூன்றையும் மினோர்ஸ்கி சமன்பாடாக்கினார். இன்று பிஐடி என்று அழைக்கப்படும் அந்த முறை ட்ரோனைக் காற்றில் ஆடாமல் நிறுத்துகிறது, ஆலைகளில் உலையின் சூட்டைச் சீராக வைக்கிறது. நீரிழிவு நோயாளிக்குத் தானாகவே அளவு பார்த்து இன்சுலின் செலுத்தும் சில கருவிகளிலும் இருக்கிறது. ஆக, டேப் ஒட்டிய தாளில் வண்டி ஓட்டிய பிள்ளைக்கு மருத்துவக் கருவி ஆய்வு அப்படியொன்றும் தூரமில்லை.

இன்னொரு வழி மூளை ஆராய்ச்சிக்குப் போகிறது. சொல்லப்போனால் அங்கிருந்துதான் வந்தது. 1940களின் கடைசியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எல்மர், எல்சி என்று இரண்டு ஆமை ரோபோக்களைச் செய்தார். வெளிச்சத்தைத் தேடிப் போகும், எதிலாவது முட்டினால் விலகும், பேட்டரி தீரப்போனால் விளக்கு எரியும் தன் கூண்டுக்குத் திரும்பும். மூளை வேலையை, பழைய ரேடியோக்களில் இருந்ததுபோன்ற இரண்டு வால்வுகள் பார்த்துக்கொண்டன. இவ்வளவு எளிய இணைப்பிலிருந்து உயிருள்ளதுபோல் ஒரு நடத்தை வருகிறதே, அப்படியானால் நிஜ மூளை எப்படி வேலை செய்கிறது என்பதே அவருடைய அக்கறை.

அந்த மரபு இன்றும் தொடர்கிறது. பெண் சிள்வண்டு ஆணின் பாட்டைக் கேட்டு, அது இருக்கும் திசையைக் கண்டுபிடித்துப் போகிறதல்லவா? அதை விளக்கும் கருத்து சரியா என்று சோதிக்க பார்பரா வெப் என்ற ஆய்வாளர் ஒரு சிள்வண்டு ரோபோவையே செய்தார். சுவிட்சர்லாந்தில் ஆக்கே ஐஸ்பீர்ட் குழுவினர் 2007இல், பல்லி போலிருந்தாலும் தவளை இனத்தைச் சேர்ந்த, நீரிலும் நிலத்திலும் நடமாடும் சலமாண்டரைப் போன்ற ரோபோவைக் கொண்டு, நீந்துவதிலிருந்து நடப்பதற்குத் தண்டுவடம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தார்கள். பூச்சிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் ரோபோ மேசையில் இடமுண்டு என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

போட்டிகளையும் சொல்ல வேண்டும். ரோபோக்கள் கால்பந்து விளையாடும் ரோபோகப் 1997இல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கியது. 2050க்குள் மனித உலகச் சாம்பியன் அணியை ரோபோ அணி வெல்ல வேண்டும் என்பது அதன் இலக்கு. வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களோடு அந்தப் போட்டியில் நான்கு முறை வென்ற ரஃபேலோ டி ஆண்ட்ரியா, பிறகு கிவா சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். கிடங்கில் அலமாரிகளையே தூக்கிக்கொண்டு ஒன்றோடொன்று மோதாமல் ஓடும் ரோபோக்கள் அவர்களுடையவை. 2012இல் அமேசான் அந்த நிறுவனத்தை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. 1995ஆம் ஆண்டு கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, இடிபாடுகளில் சிக்கியவர்களைத் தேடும் ரோபோக்களுக்கென்று தனிப் பிரிவும் ரோபோகப்பில் வந்தது. 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாடுகளுக்குள் சின்ன ரோபோக்கள் நிஜமாகவே தேடப் போயின.

சரி, பொறியியல் பிடிக்காத பிள்ளை? ரோபோவை மனிதர்கள் எவ்வளவு நம்பலாம் என்று உளவியலாளர்கள் ஆராய்கிறார்கள். தானாக ஓடும் கார் மோதினால் யார் பொறுப்பு என்று சட்டம் படித்தவர்கள் வாதிடுகிறார்கள். ஆலையில் பழுதான ரோபோக் கையைச் சரிபார்த்து மறுபடி ஓடவைக்கும் டெக்னீஷியன் வேலை எந்த வகையிலும் குறைந்ததில்லை.

ஆனால் இந்தக் கதவுகள் தானாகத் திறந்துவிடாது. கிட்டைப் பிரித்து, படத்தில் உள்ளபடி முடுக்கி, வீடியோ எடுத்து அனுப்புவதோடு வகுப்பு முடிந்தால் பிள்ளை கற்றது திருகாணி முடுக்கத்தான். இன்னொன்று என்னை மிகவும் வருத்துகிறது. நான்கு பேர் குழுவில் பையன்கள் மோட்டாரையும் புரோகிராமையும் எடுத்துக்கொள்வார்கள். சார்ட் எழுதும் வேலை பெண் பிள்ளைக்கு வரும். ஆசிரியர் கவனித்து வேலையை முறைவைத்து மாற்றிவிட வேண்டும், தானாக நடக்கும் என்று விட்டுவிடக் கூடாது.

எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதற்கு சீமோர் பேப்பர்ட் வழி காட்டியிருக்கிறார். 1967இல் பிள்ளைகளுக்கென்று லோகோ கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். அதில் கட்டளை கொடுத்தால் தரையில் ஓர் ஆமை ரோபோ பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போகும். சமபக்க முக்கோணம் வரையச் சொல்லிப் பாருங்கள். கோணம் 60 டிகிரி என்று புத்தகத்தில் படித்த பிள்ளை, 60 டிகிரி திரும்பு என்பாள். முக்கோணம் வராது, அறுகோணத்தின் பாதி வந்து நிற்கும். நான் பதில் சொல்வதில்லை, எழுந்து நடந்து பார் என்பேன். மூலையில் நின்று உடம்பைத் திருப்பும்போதுதான் தெரியும், நாம் திரும்புவது வெளிப்பக்கக் கோணம், 120 டிகிரி என்று. அப்புறம் அவளுக்கு அது மறக்காது.

இன்னும் விடை வராத விஷயங்கள் எத்தனையோ. துவைத்த துணிக் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடிப்பது ரோபோவுக்கு இன்றும் கடினமான வேலை, ஏனென்றால் துணிக்கு நிலையான வடிவம் கிடையாது. விரைப்பான இரும்பு விரலுக்குப் பதிலாக சிலிக்கோன் ரப்பரிலும் துணியிலும் காற்றடைத்து மென்மையான விரல்களைச் செய்து பார்க்கும் ஆய்வு மும்முரமாக நடக்கிறது. அங்கே துணியை வெட்டித் தைக்கத் தெரிந்த கைக்கும் வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் ஊசி நூலோடு உட்காரும் பிள்ளை இருந்தால், அடுத்த ரோபோ வகுப்புக்கு அவளையும் அனுப்பிவையுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.