பேரன் நடந்த நாலாயிரம் அடி

நடுவர் அவர்களுக்கும், எதிரணி அன்பர்களுக்கும், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்கே பாதி நேரம் போய்விட்டது.

‘நலமான வாழ்வுக்குத் தேவை கடும் கட்டுப்பாடா, அளவா?’ இது தலைப்பு. நாங்கள் அளவு. எதிரணித் தலைவர் சற்று முன் என்ன சொன்னார்? “அளவு என்பது வாயைக் கட்ட முடியாதவர்கள் சொல்லும் சாக்கு. சந்தேகம் இருந்தால் இவருடைய சட்டைப் பொத்தானைக் கேளுங்கள்” என்றார். கைதட்டினீர்கள். என் மனைவியும் தட்டினார், பார்த்தேன்.

சரி, பொத்தானைக் கேளுங்கள். அப்படியே அவருடைய சட்டைப் பையையும் கேளுங்கள். மேடைக்குப் பின்னால் வடைத் தட்டு வந்தது. நான் ஒன்று எடுத்தேன், எல்லார் முன்னாலும் சாப்பிட்டேன், தேத்தண்ணி குடித்தேன், முடிந்தது. அவரோ “எண்ணெய்ப் பலகாரமா, ஐயையோ” என்று இரண்டு கையையும் தூக்கினார். தட்டு ஒரு சுற்றுப் போய்த் திரும்பியபோது அவர் பக்கத்தில் இரண்டு வடையைக் காணோம். இப்போது அந்தப் பையைப் பாருங்கள், டிசுத்தாள் எட்டிப் பார்க்கிறது, எண்ணெய் ஊறுகிறது! ஐயா, கையால் மூடாதீர்கள், கறை பரவும்.

வாயைக் கட்டினால் வடை பைக்குள் போகும் நடுவர் அவர்களே, வேறென்ன?

எங்கள் மாமா, அக்காள் வீட்டுக்காரர், இவர்கள் கட்சிதான். ஏதோ காணொளி பார்த்தார். சோறு நின்றது, தோசை நின்றது, மணிக்கட்டில் காலடி எண்ணும் கடிகாரம் ஏறியது. தினம் 10,000 அடி. ஒரு நாள் அடைமழை. இரவு ஒன்பது மணிக்கு 6,000-இல் நிற்கிறது. என்ன செய்தார்? பேரன் தூங்கும் ஸ்பிரிங் தொட்டிலில் கடிகாரத்தைக் கட்டிவிட்டார்! தொட்டில் குதிக்கிறது, அடி ஏறுகிறது. பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? மறுபடியும் சொல்கிறேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்து கயிற்றை இழுக்கிறார், பேரன் நடக்கிறான்! இன்னும் தவழவே ஆரம்பிக்காத பிள்ளை ஐயா, 4,000 அடி நடந்தது! கடைசியில் கடிகாரம் ‘டிங்’ என்று வாழ்த்துச் சொல்ல, பிள்ளை விழித்துக்கொண்டு வீரிட்டது. விடியும்வரை அதைத் தோளில் போட்டுக்கொண்டு மாமா கூடத்தில் நடந்தாரே, அதுதான் நடை. அப்போது கடிகாரம் சார்ஜில் கிடந்தது.

அந்த 10,000 யார் எழுதிக் கொடுத்த சீட்டு? 1965-இல் ஜப்பானில் நடை எண்ணும் கருவி விற்றவர்கள் அதற்கு வைத்த பெயரிலிருந்து வந்த எண். உலகச் சுகாதார நிறுவனம் கேட்பதோ வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு.

ஐந்து பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என்று எதிரணித் தங்கை பயமுறுத்தினார். நம் மலேசியாவில் 2019 தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காடு என்று வந்தது. உண்மைதான், பயப்பட வேண்டியதுதான். அதற்குச் சுகாதார அமைச்சு சொன்ன வழி என்ன? ‘சுக்கு சுக்கு செப்பாரோ’, மலாயில் கால், கால், பாதி. பாதித் தட்டு காய்கறி, பழம். கால் தட்டு மீனோ கோழியோ. மிச்சக் கால் தட்டில் என்ன தங்கை? சோறு! அரசாங்கமே போடச் சொன்ன சோறு!

மணி அடிக்கிறீர்கள், முடிக்கிறேன். அக்காவும் மாமாவும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய், மரமெல்லாம் வெட்டி முடித்து, மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டும் நேரத்தில் ஒரு தூக்குச்சட்டியை நடுவில் வைத்துச் சாப்பிடுவார்கள். ஒரு கருவாட்டுத் துண்டுதான் இருக்கும். அதை அவர் அக்கா பக்கம் தள்ளுவார், அக்கா அவர் பக்கம் தள்ளுவார். போன மாதம் வீட்டுக்குப் போனேன். மாமா கூடத்தில் அவித்த முட்டையும் கைத்தொலைபேசியுமாக உட்கார்ந்திருந்தார். அக்கா அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “ஏன்க்கா நின்னுகிட்டு?” என்றேன். “ஒருத்திக்கு எதுக்குடா மேசை?” என்றார்.

மாமா இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறார். மாமா, அக்கா இன்றைக்குச் சாளைமீன் குழம்பு வைத்திருக்கிறார். கால் தட்டுச் சோறு போதும். மேசையில் உட்காருங்கள், அக்காவையும் உட்கார வையுங்கள். வணக்கம்.