பயப்படாதே என்றும் பயந்திரு என்றும்

(பாளையங்கோட்டையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

அன்பானவர்களே,

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, ஒரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை நம் வீட்டுப் பீரோ கதவில் வருஷம் முழுக்க இருக்கும். ஒரு வீட்டில் “அன்பிலே பயமில்லை”. அடுத்த வீட்டில் “கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்”. எது சரி டீச்சர் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம். முன்னும் பின்னும் உள்ளது வேதத்தில் இருக்கிறது. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் யாத்திராகமம் 20:18 முதல் 21 வரை வாசிக்கச் சொல்லுங்கள். சீனாய் மலை புகைகிறது. ஜனங்கள் பின்வாங்கி நிற்கிறார்கள். மோசே “பயப்படாதிருங்கள்” என்கிறார். சொன்ன கையோடு, நீங்கள் பாவம் செய்யாதபடிக்குத் “தேவனைப் பற்றும் பயம்” உங்கள் முன்பாக இருக்கவே அவர் எழுந்தருளினார் என்கிறார். ஒரே வசனத்தில் இரண்டு பயம்! 21-ஐ விட்டுவிடாதீர்கள்: ஜனங்கள் தூரத்திலே நின்றார்கள், மோசேயோ கார்மேகத்துக்குச் சமீபமாய்ப் போனார். ஒரு பயம் ஆளைத் தேவனிடமிருந்து விரட்டுகிறது. மற்றது பாவத்தை விட்டு விலக்கி, அவர் கிட்டே கொண்டுபோகிறது. எந்த வசனம் வந்தாலும், இந்தப் பயம் எதைக் குறித்தது, ஆளை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று கேளுங்கள்.

“அன்பிலே பயமில்லை” என்பது 1 யோவான் 4:18. அதற்கு மேலே 17-ஆம் வசனம் நியாயத்தீர்ப்பு நாளைப் பேசுகிறது. அன்பு புறம்பே தள்ளுவது அந்தத் தண்டனை பயத்தை. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் அம்மாவிடம் இதைச் சொல்லி, “விசுவாசம் எங்கே?” என்று கேட்பது யோவான் சொல்லாததைச் சுமத்துவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அங்கே சங்கீதம் 56:3, 4 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்” என்று சொன்ன தாவீதுதான் அடுத்ததாக “நான் பயப்படேன்” என்கிறார். 4-ஐ மட்டும் வாசித்தால், நடுங்குகிறவர் தனக்கு இங்கே இடமில்லை என்று நினைத்துக்கொள்வார்.

மாற்கு 4-இல் புயலில் படகிலே நடுங்கிய சீஷர்களை இயேசு, “ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்?” என்று கடிந்துகொண்டாரே என்பார்கள். வரிசையைப் பாருங்கள்: 39-இல் காற்றை அடக்குகிறார், 40-இல்தான் கேட்கிறார். கடல் அமர்ந்த பிறகு, 41-இல், சீஷர்கள் “மிகவும் பயந்து” இவர் யாரோ என்கிறார்கள். புயலுக்கு நடுங்கியவர்கள் இப்போது படகில் இருக்கிறவர் முன் நடுங்குகிறார்கள்.

பிலிப்பியர் 2:12 “பயத்தோடும் நடுக்கத்தோடும்” இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படச் சொல்கிறதே என்றால், 13-ஆம் வசனமே பதில். உள்ளே கிரியை செய்கிறவர் தேவன்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் 130:4 கொடுங்கள்: “உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு.” தண்டனைக்கு நடுங்கும் பயம் என்றால் மன்னிப்போடு அது தீர்ந்திருக்க வேண்டும். இங்கேயோ மன்னிப்புக்குப் பிறகுதான் பயமே பிறக்கிறது.