புறப்படும் நாளில் பத்மநாபபுரம்

நேயர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திற்கு வந்து மூன்று நான்கு நாள் தங்கிவிட்டு, இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கோ அதற்கும் அப்பாலோ பயணத்தைத் தொடர்கிறவர்கள் ஏராளம். அவர்கள் இங்கே கழிக்கும் கடைசி நாளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். விட்டுப்போன இடங்களையெல்லாம் ஒரே மூச்சில் பார்த்துத் தீர்க்கும் நாளாகவே பெரும்பாலோர் அதை வைத்துக்கொள்கிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

இதை என் குடும்பத்திலேயே கண்டேன். சென்னையிலிருந்து வந்த என் சித்தி குடும்பத்தார் நாகர்கோவிலில் எங்களோடு நான்கு நாள் தங்கியிருந்தார்கள். புறப்படும் நாள் காலையில் விவேகானந்தர் பாறைக்குப் படகு, பிறகு சுசீந்திரம் கோயில், பிற்பகலில் பத்மநாபபுரம் அரண்மனை, அங்கிருந்து அப்படியே திருவனந்தபுரம் என்பது திட்டம். அன்று கடல் சீற்றமாக இருந்ததால் படகை நிறுத்தியிருந்தார்கள்; எப்படியும் விடுவார்கள் என்று நம்பி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் வரிசையில் நின்றோம். சுசீந்திரத்துக்குப் போனபோது நடை அடைத்திருந்தது. திறக்கும்வரை காத்திருந்து தரிசனம் முடித்து, கொட்டாரத்தின், அதாவது அந்த அரண்மனையின், வாசலை அடைந்தபோது அங்கே சீட்டுக் கொடுப்பதை முடித்துவிட்டார்கள். "இதப் பாக்கணும்னுதானப்பா வந்தேன்" என்று சித்தி சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதிலிருந்து விருந்தினர்களிடம் ஒன்றையே சொல்லிவருகிறேன். கடைசி நாளுக்கு ஓர் இடம் போதும். அதுவும் போகிற வழியிலேயே இருக்க வேண்டும். திருவனந்தபுரம் சாலையில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை இதற்கு மிகவும் பொருத்தமானது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1795 வரை திருவிதாங்கூர் அரசின் தலைநகராக இருந்த ஊர் அது. 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும், அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறையே பராமரித்துவருகிறது.

அவசரமில்லாமல் உள்ளே நுழைகிறவர் பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். மரக்கூரையில் செதுக்கப்பட்டிருக்கும் பூக்களில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்பது, கழுத்து வலிக்கும்வரை அங்கே நின்றவருக்குத்தான் தெரியும். மாடியிலுள்ள மந்திரசாலையில், அதாவது அரசரின் ஆலோசனை மண்டபத்தில், மரச்சட்டங்களின் இடைவெளி வழியே வரும் வெளிச்சம் கண்ணாடிபோன்ற கறுத்த தரையில் கோடு கோடாக விழுந்துகிடக்கும். வெறுங்காலோடு நடக்கையில் உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறும். அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று இருக்கிறது. கூட்டத்தோடு ஓடுகிறவர்கள் அதைக் கடந்து போய்விடுவார்கள். என்னைக் கேட்டால், அந்த ஒரு தூணுக்காகவே கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

இந்த ஊரிலிருந்து புறப்படுவதற்கு இன்னொரு மரபும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு இங்குள்ள சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் இதே வழியாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். முதல் இரவு குழித்துறையிலும் இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்கி, மூன்றாம் நாள்தான் ஊர் சேர்கிறார்கள். அந்த நிதானத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

சித்தி இந்த ஆண்டு மீண்டும் வந்தார். புறப்படும் நாளில் வீட்டில் இட்லி சாப்பிட்டு, ஒரு சீப்பு மட்டிப்பழமும் சக்கை வற்றலும் (பலாச்சுளை வறுவல்) பையில் வைத்துக்கொண்டு கிளம்பி, மதியம்வரை கொட்டாரத்தில் இருந்தோம். அவர்களைத் தக்கலையில் வழியனுப்பிவிட்டு நான் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது, குழித்துறைப் பாலத்திலிருந்து சித்தி அலைபேசியில் அழைத்தார். பூமுகத்துப் பூக்களில் பாதியைத்தான் எண்ணியிருக்கிறாராம். மீதியை எண்ண அடுத்த விடுமுறைக்கு வருவதாகச் சொன்னார்.